விறகுச் சாராயத்தில் ஓடிய எஞ்சின்

முகர்ந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டான் சின்னத்தம்பி. சோறானாலும் சரி, எஞ்சின் எண்ணெயானாலும் சரி, முதலில் மூக்குக்கு ஒப்ப வேண்டும். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் டிரைவர். சட்டையில் கரி, மீசையில் கரி. மிடுக்குக்கு மட்டும் குறைவில்லை.

ரப்பர் விலை படுத்துவிட்டது. பெட்ரோல் வாங்கக் கட்டுப்படியாகாது, மாதக் கடைசியில் ரப்பர் பாலை ஷீட்டாக உருட்டும் எஞ்சினை நிறுத்தி, லயத்துக் கூலி ஜனங்களை ஊருக்கே நாகப்பட்டினம் கப்பலேற்றிவிடலாம் என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. லயமே பெட்டி கட்டத் தொடங்கியது. சின்னத்தம்பியோ நிழலுக்கு நட்ட பாத்தாய் மரங்களை வெட்டினான். வெட்ட வெட்டத் துளிர்த்து, கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்து நிற்கிற மரம். துண்டுகளைப் பீப்பாயில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, அடியில் தீ மூட்டினான். ஆவி குழாய் வழியே போய், ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து சொட்டியது.

சம்சு, அதான் கள்ளச் சாராயம், காய்ச்சுகிறான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலு பேர் கிண்ணத்தோடு வந்தே விட்டார்கள். "குடிச்சா கண்ணு அவிஞ்சிடும் லா. இது எஞ்சினுக்கு," என்று விரட்டினான்.

எஞ்சினுக்கும் அது பிடிக்கவில்லை. இருமியது, நின்றது, பித்தளையெல்லாம் பச்சை பூத்தது. முகர்ந்தான்: காடி நாற்றம். மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த மனைவி வெள்ளையம்மா, "பதனி புளிக்காம இருக்கக் கலயத்துல என்னா தடவுவாங்க? அதப் போட்டுப் பாருங்க," என்று தன் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள்.

லயத்திலிருந்த சுண்ணாம்பையெல்லாம் வாங்கிக் கலக்கி, மறுபடி காய்ச்சி இறக்கினான். புளிப்பு போயே போய்விட்டது. எரிபொருள் தாராளமாகப் பாய எஞ்சினின் துவாரத்தைச் சற்று அகலப்படுத்தி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, சக்கரத்தைச் சுழற்றினான். பிடித்துக்கொண்டது! உருளைகள் சுழன்றன, ஷீட் வெள்ளை வெளேரென்று இறங்கியது. கல்யாண மேளம்கூட அந்த லயத்துக்கு அத்தனை இனித்ததில்லை. கட்டிய பெட்டிகளைப் பெண்கள் அன்றே அவிழ்த்தார்கள்.

எப்படியும் நின்றுவிடும் என்று துரை பெரிய மனசு பண்ணி, கையில் ஒரு போத்தல் பெட்ரோலோடு வந்திருந்தார். சாயங்காலம்வரை காத்திருந்தார், எஞ்சின் நிற்கவில்லை. கப்பல் பேச்சு இனி வேண்டாம் என்று கடைசியில் அவரே சொன்னார்.

சின்னத்தம்பி அந்தப் போத்தலை இரண்டு கையாலும் பணிவாக வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போக முழங்கைவரை தேய்த்துக் கழுவினான்.