பழைய எக்ஸ்ரே வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசிக் காலையில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போனேன். என் கணவரின் நுரையீரல் உறையில், வலப்பக்கம், எலும்பு வளர்ந்திருப்பதை மதுரை டாக்டர் படத்தில் காட்டியிருந்தார். எப்போதோ அங்கே நீர் கோத்து, ஆறிய தழும்பு இறுகியிருந்தால் பயமில்லை. இல்லையென்றால் எலும்பை உண்டாக்கும் புற்றுநோய். மிக அரிது, தானே பார்த்ததில்லை என்றார். பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன். கணவர் இருக்கிறது என்றார். கல்யாணத்துக்கு முந்திய வருடம் நெஞ்சில் நீர் கோத்ததாம். எந்தப் பக்கம் என்று நினைவில்லையாம். பெண் வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று படத்தை மாமன் மகள் ராஜாமணியிடம் கொடுத்து வைத்தாராம். அந்தப் பெண் வீடு என் வீடுதான். முப்பத்தொரு வருடம் எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

காலை 9.10க்குப் பேருந்து. பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், கட்டணம் இரண்டு ரூபாய். மலை பார்க்க இடப்பக்கம் உட்காருங்கள், நான் பார்க்கவில்லை. அங்கிருந்து ராஜாமணி வீடு இருக்கும் தேரடிக்கு ரிக்‌ஷா மூன்று ரூபாய்.

ராஜாமணிக்கு என் வயதுதான், முடி நரைக்கவில்லை. பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து படத்தை எடுத்தாள். சுற்றியிருந்தது போன மாதத்துச் செய்தித்தாள். வருடா வருடம் மாற்றுவாளாம்.

எந்தப் பக்கம் நீர் கோத்தது என்று கேட்டேன்.

"இடது பக்கம்க்கா. அத்தானுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது. மூணு வாரம் நாந்தான் தலையணை அண்டக் குடுத்தேன்."

நான் அவரை ஒருநாளும் அத்தான் என்று கூப்பிட்டதில்லை. வலப்பக்கம் இல்லையா, நன்றாக யோசித்துச் சொல் என்றேன். தன் இடது விலாவில் கையை வைத்துக் காட்டினாள். அவருடைய உடம்பைப் பற்றி அவள் சொல்வது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போகட்டுமாக்கா?"

ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றேன். பொய்.

மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்தார். அவள் சொன்னது சரி, பழைய படத்தில் வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. சதைப் பரிசோதனையும் புற்றுநோய் என்றே சொன்னது.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: பழைய படத்தை மடிக்காமல் அட்டையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கத்து நோய் என்பதை எழுதி வையுங்கள். வீட்டில் தெரியாது என்றால் உறவுக்காரர்களிடம் கேளுங்கள், பிடிக்காதவர்களிடமும்.

ராஜாமணியை வரவிட்டிருக்கலாம் என்று என் மகள் இன்றும் சொல்கிறாள். அவர் அதற்குப் பிறகு ஐந்து மாதம்தான் இருந்தார். அந்த ஐந்து மாதம் எனக்கு மட்டும் வேண்டியிருந்தது.