குளிர்பெட்டியில் கட்டாக் கருவாடு

வாப்பாவின் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கற்பிட்டியில் அவர் கருவாட்டு முதலாளி. "என்ட கருவாடு மணக்கும், நாறாது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணமாகி, பண்டாரவளையில் மச்சான் வீட்டில் அவளை விட்டுவரப் புறப்பட்டோம். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று கட்டாக் கருவாட்டில் நல்லதாகப் பொறுக்கியவரும் அவரேதான். உம்மா அதைப் பேப்பரில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலை என்றால் உப்பளத்தில் குவித்த உப்புதான் தெரியும். ரயில் ஜன்னலால் கையை நீட்டி மேகத்தைத் தொடப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மச்சானோ குளிரூட்டிய பெட்டியில் இடம் பிடித்திருந்தார். அதன் கண்ணாடி திறக்காது. தேயிலைத் தோட்டத்தை டிவியில் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டியிருந்தது. என் எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

சாதாரணப் பெட்டியென்றால் வாடை காற்றோடு போயிருக்கும். மூடிய பெட்டியில் கருவாடு என்ன செய்யும் என்று கருவாட்டு முதலாளிக்கே தோன்றவில்லை. ஹட்டன் தாண்டியதும் முன் இருக்கைப் பெண் மூக்கைப் பொத்தினாள். பிறகு ஒவ்வொருவராகப் பொத்தினார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து, மோப்பம் பிடித்து, எங்கள் தலைக்கு மேலிருந்த பையைக் காட்டி யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

வாப்பா மச்சானைப் பார்த்தார். மச்சான் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"அப்பே நெமெய் மாத்தயா" என்றார் வாப்பா. எங்களுடையது இல்லையாம்! அதோடு விட்டாரா? லேஞ்சியை எடுத்துத் தன் மூக்கையும் பொத்திக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் தின்ற சோறு, என் சப்பாத்து, ராத்தாவின் கல்யாண நகை எல்லாம் அந்த நாற்றத்தில் வந்ததுதானே? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். உம்மா தொடையில் கிள்ளினார்.

அப்படியென்றால் அடுத்த ஸ்டேஷனில் எறிந்துவிடுவேன் என்று பரிசோதகர் பையில் கைவைத்தார். ராத்தா எழும்பினாள்.

"மகே" என்றாள். என்னுடையது.

பையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்கு வெளியே நடந்தாள். மச்சானைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் காலை மடக்கி வழிவிட்டார், அவ்வளவுதான். நான் அவள் பின்னால் ஓடினேன்.

ரயில் வாசல் திறந்திருந்தது. ராத்தா பையின் பக்கத்தில் குந்திக்கொண்டு, என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று காற்று. மேகம் கைக்குள் வந்து வந்து போனது. சுரங்கம் வரும்போதெல்லாம் தொண்டை கிழியக் கூவினேன். வாப்பாவின் மேலிருந்த கோபம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

ராத்தா மலையைப் பார்க்கவேயில்லை. பெட்டிக் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பினாள். கழிவறைக்குப் போகிறவர்கள் வந்தார்கள், வடைக்காரர் வந்தார், ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்தது.

"வடையா வேணும் ராத்தா? வாப்பாட்ட கேக்கவா?"

"வேணாம். மச்சான் என்ன செய்றாரு?"

எட்டிப் பார்த்தேன். "போன் பாக்குறாரு."

"ஓம்" என்றாள்.

வாப்பாவையாவது ஒரு மாதிரி மன்னிக்கலாம். மருமகனுக்குப் பயந்த மனிதர். அந்தக் கைபேசியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியாமல் விட்டேனே என்றுதான் இப்போது வயிறு எரிகிறது. அன்றைக்கோ, பண்டாரவளை வரைக்கும் மச்சான் எழும்பி வராதது எனக்குப் பெரிய சந்தோஷம். வந்திருந்தால் வாசலில் எனக்கு இடம் கிடைத்திருக்காது.