கணினிக்குள் ஆத்தங்குடித் தரை

போட்டோஷாப்பில் புதுப் பக்கம் திறந்தால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அதை எங்கள் ஊர் வீடுகளில் தரைக்குப் பாவும் ஆத்தங்குடிக் கல் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள் என்று சொல்லலாம்தான். சொன்னால் மட்டும் சிரிக்காமலா இருக்கப் போகிறீர்கள்? காரைக்குடியில் பிறந்து, கல்யாண வீட்டுப் பந்திகளில் தலையைக் குனிந்து தின்றே வளர்ந்தவனுக்குக் கட்டம் என்றால் தரைதான். அந்த மென்பொருளைச் செய்த வெள்ளைக்காரர்கள் எப்போதோ நம் பக்கம் வந்திருக்கிறார்கள், ஏதோ ஒரு வீட்டுத் தரையைப் பார்த்துச் சொக்கிப்போயிருக்கிறார்கள், அதை அப்படியே உள்ளே பதித்துவிட்டார்கள் என்று எனக்கு நானே கதையும் கட்டிவைத்திருந்தேன். 

இத்தனை வருடம் மூடிவைத்திருந்த இந்த ரகசியம் போன வாரம் என் மகளால் வெளியே வந்தது. அவளுடைய கல்லூரியில் ஏதோ மன்றம் தொடங்குகிறார்களாம். அதன் வெப்சைட்டுக்கு லோகோ வேண்டும். போனில் படம் வரைந்து தரும் ஏஐயிடம் இரண்டு வரி தட்டினாள். நான் காபியை ஆற்றி முடிப்பதற்குள் லோகோ வந்துவிட்டது. நீலமும் ஊதாவும் கலந்த எழுத்து, ஓரமெல்லாம் ஒளி கசிகிறது. அதற்குப் பின்னால் அதே கட்டம்.

"பேக்ரவுண்ட் இல்லாம குடுன்னு கேட்டேம்ப்பா. கட்டத்தையும் சேத்து வரைஞ்சு குடுத்துருக்கு, லூசு."

"திட்டாதம்மா, அது நம்ம ஆளு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் சூடாக இருந்தது. மூக்கு சும்மா இருக்குமா, அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு பழைய வாசனை ஒன்றைத் தேடிப் போய்விட்டது. டிவிப் பெட்டி மாதிரி முதுகு புடைத்த மானிட்டர் சூடேறும்போது ஒரு தூசி வாசனை வரும். அதோடு ஜெராக்ஸ் மிஷின் மை. அதோடு கீழ்க்கடையிலிருந்து மாடியேறி வரும் பரோட்டா சால்னா. என் இருபத்து நான்காவது வயதின் வாசனை இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

அந்த மாடியில் அந்தோணி அண்ணனின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அண்ணன் மானகிரிக்காரர். அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், அக்கா இருவரும் டீச்சர். குடும்பத்தில் ஒருத்தனாவது தப்பிக்கட்டும் என்று கடை வைத்தார். ஆனாலும் ரத்தம் விடுமா? கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தால் சிவப்புப் பேனாவால் திருத்தி, ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பத்திரிகைக்குச் சொந்தக்காரர்கள் முன்னாலேயே போடுவார்.

எனக்கு அங்கே ஜெராக்ஸ் எடுக்கும் வேலை. படித்தது கணக்கு. ஒருநாள் அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏப்பா, உனக்கு வெப்சைட்டு, போட்டோஷாப்பெல்லாம் வருமா?"

"வரும்ணே."

அப்போது எனக்கு அந்த மென்பொருளைத் திறக்கத் தெரியும். மூடவும் தெரியும். நடுவில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பார்த்துக்கொள்ளும் நேரம் மறுவாரமே வந்தது. கண்டனூரிலிருந்து உமையாள் ஆச்சி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தெருவின் இந்தக் கோடியில் நுழைந்தால் அந்தக் கோடியில் வெளியே வருகிற மாதிரி பெரிய வீடு. மகன் சென்னையில். ஆள் என்று பார்த்தால் ஆச்சியும் சமையலுக்கு ஒருவரும்தான். சீப்புச் சீடை, மணகோலம் என்று பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இனி வெளிநாட்டுக்கும் அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு வெப்சைட், அந்த வெப்சைட்டின் நெற்றியில் வைக்க ஒரு லோகோ. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்து கூடுவார்கள். அன்றைக்கு அவர்களிடம் காட்டியாக வேண்டும்.

"லோகோ எரியணும் தம்பி."

"எரியணும்னா எப்பிடி ஆச்சி?"

"கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட்டு போடுறாகள்ல, அப்பிடி. எங்க ஆளுக அங்குட்டு உக்காந்து பாத்தாலும் கண்ணு கூசணும்."

ஆச்சி படியிறங்கியதும் அந்தோணி அண்ணன் என் பக்கம் திரும்பினார். கடைக்குள் ஏசி போட்ட உள் ரூம் ஒன்று உண்டு. அதன் கதவை ஒரு விரலால் லேசாகத் தள்ளிக் காட்டினார்.

"இது சரியா வந்துச்சுன்னா நீ இங்குட்டு. வரலேன்னா திரும்ப அங்குட்டு." அங்குட்டு என்றபோது அவர் விரல் ஜெராக்ஸ் மிஷினைக் காட்டியது. "அது வேற உன் ஞாபகமாவே இருக்கு."

நான் வேலையில் இறங்கினேன். 'உமையாள் பலகாரம்' என்று பெரிதாக அடித்தேன். எழுத்துக்கு ஒரு நிறம். ஒரு நிறத்தோடு விட மனம் வராமல் மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்று ஒவ்வொன்றிலும் இரண்டைக் கலந்தேன். பிறகு எழுத்தைச் சுற்றி ஒளி வரவைக்கும் 'அவுட்டர் குளோ'வைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும், எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வெளிச்சம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சமாக இழுப்பார்களாம். நான் கடைசிவரை இழுத்து, இன்னும் போகுமா என்றும் பார்த்தேன். ளகரத்துப் புள்ளியும் மகரத்துப் புள்ளியும் தலைக்கு மேலே குண்டு பல்பு மாதிரி நின்றன.

அண்ணன் வந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணு கூசுதேப்பா."

"அதத்தானண்ணே ஆச்சி கேட்டாக."

"அதுவுஞ் சரிதேன். இதுக்குக் கரண்டு கூட இழுக்குமோ?"

"கொஞ்சம் இழுக்கும்ணே" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டால் அந்த நாக்கு எனக்கு எதற்கு?

இரண்டு நாள் கழித்து ஆச்சி வந்தார். மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். ஜெராக்ஸ் மிஷினின் மூடி திறந்து என்னை வா வா என்று கூப்பிடுவது போலிருந்தது.

"எழுத்து கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "தரை நல்லாருக்கு."

"தரையா?" என்றார் அண்ணன்.

"கீழ பாருங்க. கல்லு பாவியிருக்குல்ல. எங்க வீட்டு ரெண்டாங்கட்டுலயும் இதே மாதிரிதேன், வெள்ளையும் சாம்பலும். எங்க ஆளுக பாத்தா ஒடனே கண்டனூரு ஞாபகம் வந்துரும். ஆரு இதப் போட்டது?"

நான் ஒருத்தன் மட்டும்தான் அதைத் தரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று உள்ளுக்குள் சின்னச் சந்தேகம் அதுவரை இருந்தது. கண்டனூர் வீட்டுக்காரரே சொன்னபின் அதுவும் போய்விட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"நாந்தேன் ஆச்சி."

அண்ணன் என் முதுகில் தட்டினார். சிவப்புப் பேனாவைத்தான் எடுக்கவில்லை.

மறுநாள் லோகோவைச் சேமித்து வெப்சைட்டில் ஏற்றினேன். பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக, வரிவரியாக வந்தது. முதலில் புள்ளிகள் வந்தன. பிறகு எழுத்து வந்தது. சுற்றியிருந்த வெளிச்சம் ஓரமெல்லாம் பிய்ந்துபோய், அழுக்குப் பஞ்சை ஒட்டினாற்போல் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தரையைக் காணோம். ஒரு கல்கூட இல்லை. உமையாள் பலகாரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று முறை ஏற்றினேன். மூன்று முறையும் தரை வழியிலேயே உதிர்ந்துபோனது. அந்தக் காலத்தில் எதுவும் புரியாவிட்டால் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"வைரஸ்ணே. கல்லத் தின்னுருச்சு."

அந்தோணி அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேசை மேசையாகக் குனிந்து எல்லா மிஷின்களின் வயரையும் பிடுங்கினார். மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து சண்டைக்கு வந்தார். "ஒங்க நல்லதுக்குத்தேன் சார், தொத்திக்கிரும்" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஏதோ சந்தேகத்தில் ஜெராக்ஸ் மிஷினின் வயரையும் பிடுங்கினார். நான் மனதுக்குள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். எத்தனை சட்டை எடுத்துக்கொள்வது என்பது வரை போய்விட்டேன்.

போவதற்கு முன் கல்லை இன்னொரு தடவை பாவிப் பார்ப்போம் என்று என் மிஷினின் வயரை மட்டும் மாட்டிவிட்டு, போட்டோஷாப்பில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். கல் இருந்தது. நான் இன்னும் எதையும் தொடவில்லை. மூடிவிட்டு வேறொன்று திறந்தேன். அதிலும் இருந்தது. வைரஸ் தின்ற கல் அடுத்த பக்கத்தில் எப்படி முளைக்கும்? அலமாரியில் முறுக்கு எண்ணெய் படிந்த போட்டோஷாப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதை அப்போதுதான் முதன்முதலாகப் படிப்பதற்காக எடுத்தேன். அதில் எழுதியிருந்தது: கட்டம் தெரிகிற இடத்தில் படம் எதுவும் இல்லை என்று பொருள்.

ஒன்றுமே இல்லாததைத்தான் நான் போட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் வயர்களைத் திரும்ப மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "ஆச்சிகிட்ட நீயே போயிச் சொல்லு" என்றார். அவருடைய மொபெட்டை வாங்கிக்கொண்டு கண்டனூருக்குப் போனேன். வழியில் பெட்ரோல் தீர்ந்துவிடாதா என்று பார்த்தேன். அன்றைக்கென்று நிறையவே இருந்தது.

ஆச்சி பின்கட்டில் சீடைமாவு பிசைந்துகொண்டிருந்தார். அங்கே போக இரண்டாங்கட்டைத் தாண்ட வேண்டும். வெள்ளையும் சாம்பலுமாக அவ்வளவு பெரிய தரை, ஒரு நாற்காலிகூட இல்லாமல். என் செருப்பில்லாத காலுக்குச் சில்லென்று இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"தரை நான் போட்டதில்ல ஆச்சி. அது தரையே இல்ல. அங்க ஒண்ணும் இல்லேங்கிறதுக்கு அடையாளமாம்."

ஆச்சி மாவுக்கையோடு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இங்கயும் அதேதானப்பா" என்றார். "விசேஷம்னா ஜமுக்காளத்த விரிச்சிருவாக, கல்லு கண்ணுல படாது. கல்லு தெரிஞ்சா வீட்ல ஆளில்லேன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு மாவை ஒரு குத்துக் குத்தினார். "அந்த எரியிறத அணைச்சுரு. கண்ணு வலிக்குது. தரைய மட்டும் நெசமாவே போட்டுக் குடு. போடுவீகளா, இல்ல அதுக்கும் புத்தகம் பாக்கணுமா?"

நீ போய் நீங்க வந்ததில் இருந்த கேலியை ஊருக்கு வந்து சேரும்வரை மென்றுகொண்டு வந்தேன். அதன் பிறகு கட்டம் கட்டமாக, ஒரு வெள்ளை, ஒரு சாம்பல் என்று மவுஸைப் பிடித்து நானே வரைந்தேன். ஒரே சொடுக்கில் தரை முழுவதையும் நிரப்பிவிட அதில் வழி இருந்ததாம். அது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. எழுத்தைக் கறுப்பாக்கினேன், புள்ளிகளை அணைத்தேன்.

படைப்பன்று பக்கத்தை சிடியில் ஏற்றி, மானிட்டரையும் பெட்டியையும் ஆட்டோவில் கொண்டுபோய் இரண்டாங்கட்டில் வைத்தோம். வீடு முழுக்க ஆள். ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, அதற்கடியில் இருந்த தரையைத் திரையில் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த, ஆச்சியின் கொழுந்தன் மகன் ஒருவன் கேட்டான்.

"என்ன பெரியம்மா, எழுத்து செவனேன்னு இருக்கு? கலர் கிலர் போட்டிருக்கலாம்ல."

"எழுத்த விடுறா. தரையப் பாரு."

அவன் பார்த்தான். பிறகு ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி ஒருமுறை கீழேயும் பார்த்துக்கொண்டான்.

அந்தோணி அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் எனக்கு உள் ரூம் கிடைத்தது. ஏசி ஓடவில்லை. அது ஓடியதே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அண்ணனும் என்னை மாதிரிதான்.

இப்போது அந்த மாடியில் போன் உறை விற்கிறார்கள். கீழே பரோட்டாக் கடை போய்ப் பல் டாக்டர் வந்துவிட்டார். புடைத்த மானிட்டர்களை எடைக்குப் போட்டாயிற்று. ஆச்சி மகனோடு சென்னைக்குப் போய்ப் பல வருடமாகிறது, பலகாரம் நின்றுபோனது. மகளின் போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த வெப்சைட்டின் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். இப்படி ஒரு பக்கமே இல்லை என்றது. வெறும் வெள்ளை. கட்டம்கூட இல்லை.