இழுப்புக்காரன் ஏறும் மலை

இந்த ஊரில் மூச்சைக் கண்ணால் பார்க்கலாம். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, நிற்கிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் அது வெள்ளையாக வெளியே வரும். முசிறியில் ஆற்று மணல் சூட்டில் வளர்ந்த எனக்கு, இலங்கையின் நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் மார்கழியில் அது வேடிக்கையாக இருந்தது. ஊதி ஊதிப் பார்த்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. ஒரே சீராக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

இழுப்பு என்னைப் பிடித்தது மூன்றாம் வருஷம். நாலெழுத்துத் தெரிந்தவன் என்று, இங்கே ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலையில், தூள் சலிக்கும் அறையில் போட்டிருந்தார்கள். காய்ந்த தேயிலையின் பஞ்சுத் தூசி அங்கே எந்நேரமும் பறக்கும். ஒரு நாள் நெஞ்சைக் கயிற்றால் கட்டினாற்போல் இறுகிற்று. உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. தொண்டைக்குள் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். அதன்பின் அடிக்கடி வந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் காசம் என்று பேசிக்கொண்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள், என்னைக் கண்டதும் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஆகாத ஆள் என்று துரை கப்பலேற்றிவிட்டால், பஞ்சத்துக்குப் பயந்து விட்டு வந்த அதே ஊருக்கு எந்த முகத்தோடு போவது? மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு மேல் இந்தப் பயமும் ஏறி உட்கார்ந்தது.

என் மனைவி அங்கம்மா ஒரு நாள் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்து மனிதர்.

"என்ன வருத்தம் உமக்கு?"

"வருத்தம் ஒண்ணுமில்லீங்க. மூச்சுதான் விட முடியல."

அவர் முறைத்தார். அவர்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய் என்பது எனக்கு அப்போது தெரியாது. குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். "காசமில்லை. இது தொய்வு, உங்கட ஆக்கள் சொல்லுற இழுப்பு. மற்ற ஆக்களுக்குத் தொத்தாது. தூசி, புகை, குளிர், மூண்டும் உமக்கு ஆகாது. கவனமா இரும், முத்தினால் உயிருக்கே ஆபத்து."

கடைசி வார்த்தையை மட்டும் அங்கம்மா பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் என் முகத்தையே பார்த்தபடி வந்தாள்.

உச்சிப் பொழுது. ஒரு சிங்களக் கிராமத்து ஓரமாக ஏறிக்கொண்டிருந்தோம். சரிவில் யாரோ காடு வெட்டிக் கொளுத்தியிருந்தார்கள். புகை இறங்கி வந்து எங்களை மூடியது. நாலடி வைத்திருப்பேன், விழுந்தேன். அங்கம்மா என் தலையை மடியில் வைத்து மல்லாக்கக் கிடத்தினாள். அதில் இருந்த மூச்சும் அடைத்தது. அப்போது மேட்டிலிருந்து ஒரு சிங்களவர் ஓடி வந்தார். இடுப்பில் வெட்டுக்கத்தி. குனிந்து, "ஹத்தியத?" என்றார்.

எங்கள் இருவர் காதிலும் விழுந்தது கத்தி.

அவர் என் தோள்களைப் பிடித்துத் தூக்கினார். "ஐயோ, விடுய்யா! அவர விடு!" என்று அங்கம்மா அவர் முதுகில் அறைந்தாள். எழுந்து ஓட மூச்சு இல்லை. இதோ முடிந்தது என்று கண்ணை மூடினேன். அவரோ என்னை உட்கார வைத்து, முன்னால் சாய்த்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்ற வைத்தார். வீட்டைப் பார்த்து ஏதோ கத்தினார். ஒரு பெண் சிரட்டையில் கறுப்புக் கோப்பி கொண்டு வந்தாள். வேம்பாய்க் கசந்தது. மிடறு மிடறாகக் குடித்தேன். நிழல் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் நெஞ்சுக் கயிறு தளர்ந்தது. அவர் தம் மார்பைத் தொட்டு "ஹத்திய" என்று சொல்லி, என்னைப் போலவே சீழ்க்கை ஒலி எழுப்பிக் காட்டினார். அவருக்கும் அதே நோய்.

"கும்பிட வேண்டிய சாமியவா அடிச்சேன்! மன்னிச்சுக்குங்கண்ணே," என்று அங்கம்மா அழுதாள். ஒன்றும் புரியாமல் அவர் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார்.

அன்று முதல் எங்கள் அடுப்பு, புகைக்குப் பயந்து, அறைக்கு வெளியே போயிற்று. கம்பளியை அங்கம்மா வெயிலில் உதறும்போது நான் எட்டப் போய்விடுவேன். கங்காணியைக் கெஞ்சி, தூள் அறையை விட்டு, வெளியே தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலைக்கு மாறினேன். மூச்சு முட்டினால் படுப்பதில்லை; குனிந்து உட்கார்ந்து கோப்பி குடிப்பேன். வருவது குறைந்தது, பயம் குறையவில்லை. பலமாகச் சிரித்தால் இழுக்கும் என்று பாதியில் சிரிப்பை விழுங்குகிறேன். மேடு ஏறுமுன் உட்காரக் கல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

காய்ந்த ஊர்ச் சூட்டில் சரியாகிவிடும் என்று என் அண்ணன் எழுதியதை நம்பி, போன வருஷம் முசிறிக்குப் போனோம். பத்து நாள் நன்றாக இருந்தேன். பதினோராம் நாள் களத்தில் வைக்கோல் தூசி கிளம்பியது. பிறந்த மண்ணிலேயே, அண்ணன் கண்முன், அதே கயிறு இறுகியது. அதற்கு மேல் அங்கே இருக்கத் தைரியம் வரவில்லை.

தனுஷ்கோடியில் கப்பலேறித் திரும்பினோம். நடுக்கடலில் உப்புக்காற்று நெஞ்சு நிறையப் போய்ச் சத்தமில்லாமல் வெளியே வந்தது. இவ்வளவு லேசாக நான் மூச்சுவிட்டு வருஷங்கள் ஆயின. பின்னால் இந்தியக் கரை மறைந்திருந்தது. முன்னால் இலங்கைக் கரை இன்னும் தெரியவில்லை.

"எங்கங்க இருக்கோம்?" என்றாள் அங்கம்மா.

"தெரியல," என்றேன். "கப்பல் கொஞ்சம் மெதுவாப் போனா நல்லாருக்கும்."