மாரிசெல்வி பார்த்த இனிப்பு

என் அறைத்தோழி மாரிசெல்விக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் அளந்து பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் நாங்கள் வேலை பார்க்கும் பழமிட்டாய் கம்பெனியில் நான் பேக்கிங், அவள் லேப். கடையில் விலைபோகாத பழங்கள்தான் எங்கள் சரக்கு: அடிபட்டது, தழும்பு விழுந்தது, கோணல்மாணலாக விளைந்தது. அவற்றின் கூழில் ஒரு சொட்டு எடுத்து, கைக்கு அடக்கமான ஒரு குழாயின் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை இடுக்கி, இனிப்பு எத்தனை என்று சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த பாயசத்தையே, “லேப்புக்கு ஒரு சொட்டு கொண்டு போகவா?” என்று கேட்டவள். வந்த கோபத்தில் முழுவதையும் நானே குடித்துவிட்டேன்.

அன்று தண்டலத்துப் பலராமன் அண்ணாச்சி தம் தோட்டத்துக் கொய்யாவைக் கூழாக்கி, டப்பா டப்பாவாக உறையவைத்து, முதல் லோடு கொண்டு வந்திருந்தார். எங்கள் மிட்டாய் உறையில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சடித்திருக்கும். அதனால் சர்க்கரை கலந்த கூழை உள்ளேயே விடமாட்டார்கள். முன்பு அவர் காட்டிய பழத்தில் இனிப்பு ஒன்பது இருந்தது. இப்போது டப்பாவின் ஓரத்தில் உருகியிருந்ததை எடுத்துப் பார்த்தால் பதினாலு! குழாயைத் துடைத்து மறுபடி பார்த்தாள். அதே பதினாலு.

“சர்க்கரையைக் கலந்திருக்காரு. லோடைத் திருப்பி அனுப்பு” என்றார் மேனேஜர் நடேசன்.

பலராமன் கொதித்துப் போனார். “இன்னா சார் பேசுறீங்க? எங்க வூட்ல எல்லாருக்கும் சுகரு. டீக்கே சக்கரை போட மாட்டோம், கூழுலயா கொட்டுவோம்?”

யார் கேட்டார்கள்? வண்டி கேட்டுக்கு வெளியே போனது. பலராமன் தம் மனைவி சின்னப்பொண்ணுவுக்குப் போன் போட்டார். அந்த அக்காவின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. “கலப்படக்காரன்னு பேரு வாங்கிக்கினு வூட்டுக்கு வராத! நான் ஊருல தலைகாட்ட வேணாமா?” அவர் வண்டி நிழலில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

மதியம் மாரிசெல்வி சோற்றைத் தொடவில்லை.

“பதினாலுன்னு சொன்னது நாந்தாம்ட்டி. அந்த அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தா பொய் சொல்லுத மாதிரி இல்ல.”

“அப்போ உங்குழாய் பொய் சொல்லுதா?”

“அதுவும் சொல்லாது. அதாம்ட்டி வயித்தெரிச்சலா இருக்கு.”

நான் கேட்டருகே குச்சி ஐஸ் வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்குக் கடித்துத் தின்னும் பொறுமையெல்லாம் கிடையாது. கலரையும் இனிப்பையும் உறிஞ்சிவிட்டு, மிச்சமிருக்கும் வெள்ளை ஐஸைத் தூக்கி எறிந்துவிடுவேன். எறியக் கையை ஓங்கினால், பக்கத்தில் நின்ற மாரிசெல்வி வெடுக்கென்று பிடுங்கி நக்கிப் பார்க்கிறாள்!

“சீ, எச்சியவா திங்க?”

“ஏட்டி, சப்புன்னு இருக்கு! இனிப்பு முந்தி உருகி உன் வாய்க்குள்ள போயிட்டு. டப்பாலயும் நான் எடுத்தது முந்தி உருகுனதுதான!”

பலராமன் வண்டிக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். ஒரு டப்பாவை வெயிலில் வைத்து முழுக்க உருகவிட்டாள். அடிவரைக்கும் கலக்கி ஒரு சொட்டு எடுத்தாள். பலராமன் தலையில் கை வைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பது!”

அடுத்த டப்பாவும் ஒன்பது. நேரே நடேசனிடம் போனாள். “சார், தப்பு எம்மேலதான். முழுசா உருகுததுக்கு முந்தி எடுத்துட்டேன்.” அவர் குழாயை வாங்கித் தாமும் பார்த்தார். “சரி, இறக்கச் சொல்லு. இனிமே அவசரப்படாத” என்றார்.

பலராமன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கண் கலங்கிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டு மாரிசெல்வி கையில் திணித்தார். “நீயே சொல்லும்மா. நான் சொன்னா நம்பமாட்டா.”

“அக்கா, உங்க கூழ்ல சர்க்கரை கலக்கவே இல்ல. பதினாலுன்னு நான் தப்பா சொல்லிட்டேன். ஒன்பதுதான் இருக்கு.”

அந்தப் பக்கம் அக்காவின் குரல் எகிறியது.

“இன்னாது, ஒம்போதா? எங்க தோட்டத்துக் கொய்யாவுக்கு ஒம்போதுதானா? நல்லாப் பாரும்மா, பதினாலு இருக்கும்!”

“அடியே, வாய மூடு!” என்று அலறியபடி பலராமன் போனைப் பிடுங்கினார்.