உப்புச் சண்டைக்கு ஊரெல்லாம் சாப்பாடு

என் அம்மாவும் சித்தியும் மூன்று வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி பேசாத நாள் கிடையாது. அத்தனை பேச்சும் என் காது வழியாகத்தான் போய் வந்தது. இருவரும் குடியிருந்தது பெங்களூர் ஆஸ்டின் டவுனில், அடுத்தடுத்த தெருவில். கீரை வாங்குவதும் ஒரே தள்ளுவண்டியில். அந்த வண்டி எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைகிறது என்பதிலும் மனஸ்தாபம் இருந்தது.

சண்டை வந்தது என் தம்பியின் கிருகப்பிரவேசத்தில். சித்தி ஒரு பெரிய குண்டான் நிறைய பிஸிபேளே பாத் செய்து கொண்டுவந்திருந்தாள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அங்கே கூட வேலை பார்த்த கன்னடத் தோழிகளிடம் கற்ற பக்குவம் அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அம்மா கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பை அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டாள். தம்பியின் மாமனார் வீட்டு ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பாத்திரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் சித்தி.

"உப்பு பத்தலைன்னு ஊரு சொல்றதுக்கு முன்னாடி அக்கா போட்டா என்ன?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை, அன்றைக்கு அந்த பிஸிபேளே பாத்தை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பாடு நன்றாக இல்லாமல் போயிருந்தால் ஒரு வாரத்தில் சமாதானம் ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். உப்புப் பெறாத விஷயம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல வழியே இல்லை.

இந்த நிலைமையில்தான் சித்தியின் மகன் அவளை ஆஸ்திரேலியாவுக்கு, தன்னோடே வந்து இருக்கும்படி கூப்பிட்டான். டிக்கெட் போட்டாயிற்று. வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாள். சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் போய், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள், அடுத்த தெருவுக்கு மட்டும் போகவில்லை. எங்கள் ஆட்களில் யாரும் பக்கத்துக் கடைக்குக்கூட "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சொந்த அக்காவிடம் "வரேன்" சொல்லாமல் கடல் தாண்டுவதென்றால் திரும்பி வரப்போவதில்லை என்றுதான் அர்த்தம். "அவளா வந்து சொல்லட்டும்" என்றாள் அம்மா. "அவங்களா கூப்பிடட்டும்" என்றாள் சித்தி. இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் முழங்கால் வலி. அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருத்தி வீட்டுப் படியை இன்னொருத்தி ஏறமாட்டாள். ஏறினவள் தோற்றவள். ஆகவே பொது இடம் வேண்டும். கோயில் சரிப்படாது, ஆளுக்கொரு சந்நிதியில் நின்றுகொள்வார்கள். ஆனால் இந்த இருவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. வெளியில் சாப்பிடுவதென்றால் உயிர். அதிலும் வீட்டில் செய்யத் தெரியாத சாப்பாடாக இருக்க வேண்டும். "இட்லிக்கு எதுக்குடி ஓட்டல்?" என்பது அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரே கொள்கை. பெங்களூரில் இதற்கா பஞ்சம்? ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு, அதற்கு விருந்து என்று ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தில் இறங்கினேன்.

முதலில் கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய சீன உணவகம். வட்ட மேசை, அதன் நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு. ஒருவர் சுற்றிவிட்டால் அடுத்தவருக்குப் பண்டம் வந்து சேரும், அன்பு வளரும் என்று கணக்குப் போட்டேன். அம்மா கோபி மஞ்சூரியனுக்குக் கையை நீட்டிய நேரம் பார்த்து சித்திக்கு சூப் தேவைப்பட்டது. கோபி அவள் பக்கம் போய்விட்டது. அம்மா திருப்பிச் சுற்றினாள். சூப் தளும்பியது. பரிமாற வந்தவர் ஃப்ரைட் ரைஸைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

"உன் சித்திகிட்ட சொல்லு, இது மாரியம்மன் திருவிழா ராட்டினம் இல்லைன்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, ராட்டினத்துல ஏறினவங்க கத்தக் கூடாதுன்னு." பிறகு பரிமாறுபவரைப் பார்த்துச் சித்தி கன்னடத்துக்குத் தாவினாள்: "நீவு ஸ்வல்ப நில்லி சார்." அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

நான் இருவர் சொன்னதையும் எடுத்துச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கேட்காத அளவுக்கு அவர்கள் ஒன்றும் மெதுவாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் கொரிய உணவகம். மேசை நடுவில் அடுப்பு, சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள வகை வகையாக. கிண்ணம் காலியானால் கேட்காமலே நிரப்பிவிட்டுப் போகிறார்கள். இது தெரியாமல், இலையில் மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று இருவரும் முட்டைக்கோஸ் ஊறுகாயைத் தின்று தீர்க்கத் தீர்க்க, அது வந்துகொண்டே இருந்தது. கண்ணில் நீர் வழிகிறது, முதலில் நிறுத்த இருவரும் தயாராக இல்லை. கடைசியில் ஒரே நேரத்தில் இருவர் வாயிலிருந்தும் ஒரே வாக்கியம் வந்தது: "ஊறுகாய்னா எண்ணெய் வேணாமா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மா சட்டென்று இடது பக்கச் சுவரையும் சித்தி வலது பக்கச் சுவரையும் பார்க்க ஆரம்பித்தார்கள். சுவரில் ஒன்றும் இல்லை. அவ்வளவு கிட்டே வந்து கைநழுவிப் போனதில் எனக்கு அழுகையே வந்தது. காரம் என்று சமாளித்தேன்.

மூன்றாவது வாரம், மூன்றாவது பதவி உயர்வு, பர்மியச் சாப்பாடு. "இப்ப நீதான் அந்தக் கம்பெனிக்கு ஓனரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சித்தி கிளம்பினாள். தேங்காய்ப் பால் குழம்பில் நூடுல்ஸ். மேலே தூவிக்கொள்ள வறுத்த பூண்டு, வெங்காயம், மிளகாய்த் தூள், எலுமிச்சை எல்லாம் தனித்தனியாக. அவரவர் கிண்ணம், அவரவர் காரம், அவரவர் புளிப்பு. அன்றைக்குச் சண்டையே இல்லை. வழிப்போக்கர்கள்போல அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள். சண்டை போடுகிற அக்கா தங்கையைச் சேர்த்து வைத்துவிடலாம். இப்படி மரியாதையாக நடந்துகொள்கிறவர்களை என்ன செய்வது?

யோசித்துப் பார்த்தபோது தனித்தனிக் கிண்ணம்தான் குற்றவாளி என்று தோன்றியது. அடுத்த ஞாயிறுதான் சித்தி கிளம்புவதற்கு முந்தைய கடைசி ஞாயிறு. ஃபிரேசர் டவுனில் ஒரு சந்துக்குள் மந்தி கடை ஒன்று எனக்குத் தெரியும். ஏமன் நாட்டுச் சாப்பாடு. தரையில் மெத்தை போட்ட சின்னத் தடுப்பறைகள். ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வரும். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை போட்டுச் சாப்பிட வேண்டும்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எச்சில் விஷயத்தில் அம்மாவும் சித்தியும் ஒரே பள்ளிக்கூடம். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள். பேரப்பிள்ளை கடித்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டார்கள். ஒரே தட்டில் சாப்பிடச் சொல்வது அவர்களைப் பொறுத்தவரை ஒரே பல்துலக்கியை நீட்டுவதற்குச் சமம். ஆகவே நான் முன்னதாகவே போய்ப் பரிமாறுபவரைப் பிடித்தேன். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு கேட்டாலும் தனித்தட்டு கொடுக்கக் கூடாது.

"ஃபிக்ர் பண்ணாதீங்க மேடம், கவலையே வேணாம்" என்றார். "நம்ம வீட்லயும் ரெண்டு அக்கா இருக்காங்க."

அம்மா உட்கார்ந்ததுமே தட்டு கேட்டாள். அவர் முகத்தில் ஒரு சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "தனித்தட்டு குடுத்தா சாப்பாட்டுக்கு மரியாதை இல்லைம்மா. ஓனர் பாத்தா நம்ம வேலை போயிடும்" என்றார். நான் சொல்லிக் கொடுத்தது பாதிதான், வேலை போவதை அவராகச் சேர்த்துக்கொண்டார். ஒருத்தர் பிழைப்பைக் கெடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

தாம்பாளம் வந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரியது. அம்மா ஒரு கரண்டியைக் கேட்டு வாங்கி, சோற்றின் நடுவே வாய்க்கால் வெட்டினாள். தட்டின் அடி தெரிகிற வரைக்கும் வெட்டினாள். சித்தி தன் கரையில் எலும்புகளை வரிசையாக அடுக்கி வேலி போட்டாள். எனக்கு ஓரத்தில் ஒரு முக்கோணம் ஒதுக்கப்பட்டது. ஆட்டுக்கறியில் இருந்த ஒரே ஒரு நல்லி எலும்பு, வாய்க்காலின் நட்டநடுவில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் படுத்திருந்தது. நல்லி என்றால் இருவருக்கும் உயிர். இருவரும் அதைப் பார்க்காததுபோலச் சாப்பிட்டார்கள்.

சாப்பிடச் சாப்பிட அம்மா பக்கத்துச் சோறு சரிந்தது. வாய்க்கால் தூர்ந்தது. சித்தி வேலியை இரண்டு முறை சரிசெய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கறி பஞ்சாக வெந்திருந்தது. ஆனால் சோற்றில் உப்பு மட்டு. எனக்கே தெரிந்தது என்றால் அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? சித்தி ஒரு வாய் சாப்பிட்டு, நாக்கைத் தட்டிப் பார்த்து, அடுத்த வாயை எடுத்தாள்.

உப்புக் குப்பி அம்மா பக்கத்தில் இருந்தது. அம்மா எடுத்தாள். தன் பக்கம் தூவினாள். கை அதே வேகத்தில், பழக்க தோஷத்தில், அந்தப் பக்கமும் போய்விட்டது. போன கை சித்தியின் சோற்றுக்கு மேலே அப்படியே அந்தரத்தில் நின்றது. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. மூன்று வருடம் எதற்காகப் போயிற்றோ அதையே மறுபடி செய்யப் பார்த்திருக்கிறாள். நாலு நாளில் விமானம். இன்றைக்கும் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அதோடு எல்லாம் முடிந்தது.

சித்தி தலையைத் தூக்கவே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏன் நிறுத்திட்டே? போடு."

"இல்ல... கேட்டுட்டுப் போடலாம்னு."

"அதான் நான் சொல்லிட்டேன்ல, போடுக்கா."

அம்மா போட்டாள். கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. சித்தி அதைப் பிசைந்து, என் முக்கோணத்தையும் சேர்த்துப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றாள். சரியாக இல்லை. கரித்தது. நானும் சரியாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. என் வழியாகப் போகாமல் நேராகவே போய் வந்தது பேச்சு. அம்மா நல்லி எலும்பைச் சித்தி பக்கம் தள்ளினாள். "நீ சாப்பிடு, அங்க போனா இதெல்லாம் எங்க கிடைக்கும்?" சித்தி திருப்பித் தள்ளினாள். "உனக்குத்தான் முட்டி வலி, நீ சாப்பிடு." "உனக்கு இல்லையா முட்டி?" "ஏனு மாடோது, நான் என்ன பண்றது, நீ மூத்தவ." இப்படி அது போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. உபசாரம் முடிகிற மாதிரித் தெரியவில்லை, ஆறிப்போனால் நல்லியில் ருசி இருக்காது. நானே எடுத்து உறிஞ்சிவிட்டேன்.

"ஏண்டி, உனக்கு வெட்கமா இல்ல?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். இந்தத் தடவை யாரும் சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். வளர்த்த லட்சணம் என்று சித்தி அம்மாவைக் குறை சொல்ல, செல்லம் கொடுத்தது நீதான் என்று அம்மா சித்தியைக் குறை சொல்ல, வாங்கிக் கட்டிக்கொண்டது நான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

தரையிலிருந்து எழுந்திருக்க இருவருக்கும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே எழுந்தார்கள். பரிமாறியவர் தடுப்புத் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சந்து முனையில் இரண்டு ஆட்டோ பிடித்தோம். சித்திக்கு வழியில் பயணத்துக்கு ஏதோ வாங்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏறப்போனவள் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் போயிட்டு வரேன்" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள்.

எங்கள் ஆட்டோ வீட்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மூன்று வருடமாகச் சித்தியிடம் சொல்லச் சொல்லி என்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இதை என்னிடமே கேட்டாள்.

"அங்க அவளுக்கு யாருடி உப்பு பாத்துச் சொல்லுவா?"