எடைக்குப் போட்ட அட்டை

போன ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு கிளினிக் வந்திருந்தது. மாதச் சந்தா கட்டி உறுப்பினராகிவிட்டால், எப்போது வேண்டுமானாலும் டாக்டரைப் பார்க்கலாம், போனிலும் கேட்கலாம். அரசுக் காப்பீடு உள்ள ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தா கிடையாது. வசதியானவர்கள் கட்டுவதிலிருந்து ஈடுகட்டிக்கொள்கிறார்கள். என் கணவர் எங்கள் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். "நோவே இல்லாத வீட்டுக்கு டாக்டரா?" என்று நான் கிண்டல் செய்தேன்.

ஒருநாள் காலை அங்கிருந்து நர்ஸ் போன் செய்தார்.

"அட்டை இருக்குதாம்மா?"

நெசவாளர் வீட்டில் அட்டை என்றால் தறிக்கு மேலே தொங்கும் டிசைன் அட்டைதான். எங்கள் தறி கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது.

"அதெல்லாம் எடைக்குப் போட்டுட்டோமே" என்றேன்.

"ஐயையோ, எடைக்கா! கவர்மென்ட்ல குடுத்த இன்சூரன்ஸ் அட்டைம்மா!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பேச்சு வளர்ந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"எங்களுக்கு என்னம்மா, நல்லா இருக்கோம். பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணுதான் குடம் குடமா தண்ணி குடிச்சிக்கினு இருக்குது. கார்ப்பரேஷன் தண்ணி அவளுக்கே பத்தாது" என்றேன்.

நர்ஸின் சிரிப்பு சட்டென்று நின்றது. இளைத்திருக்கிறாளா, ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறாளா, இன்று எப்படி இருக்கிறாள் என்று வரிசையாகக் கேட்டார். காலையிலிருந்து வாந்தி, மூச்சும் வாங்குகிறது, பரீட்சை பயம்தான் என்றேன்.

"இப்பவே கூட்டினு வாங்கம்மா. குளிக்க வைக்கிறேன், சாப்பாடு குடுக்கிறேன்னு நிக்காதீங்க."

டாக்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். மீட்டரில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய அளவையெல்லாம் சர்க்கரை தாண்டியிருந்தது. பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய்! டாக்டரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அங்கேதான் அந்தக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருப்பாள் என்றார்கள்.

இப்போது அவளே இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். நர்ஸ் அடிக்கடி கூப்பிடுகிறார். "அம்மா, உன் அட்டை அக்கா போன்" என்று கேலி செய்துகொண்டே மகள் போனை என்னிடம் கொடுப்பாள்.

அவள் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தாலும் உடனே சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும்போது கிளினிக்கில் எதற்குப் பதிய வேண்டும் என்று தெருவில் யாராவது கேட்டால், கையோடு அழைத்துப்போய்ப் பதிந்துவிட்டுத்தான் விடுகிறேன். நோய் என்றே தெரியாமல் வீட்டுக்குள் வளர்கிற நோயை, நம்மை விசாரிக்க ஒருவர் இருந்தால் பிடித்துவிடலாம் என்பதற்கு என் மகளே சாட்சியாக இருக்கிறாள்.